அறுபத்தொன்றா, அறுபத்துநான்கா

ஜனவரி 9

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா, சம்பந்தியம்மாவுக்கு இருமல் விட்டதா என்று எழுதுங்கள். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் இரண்டு வீட்டு அம்மாக்களும் பேசி முடிப்பதற்குள் நம் முறை வருவதில்லை. வந்தாலும், காசைப் பற்றி ஆரம்பித்த உடனே பக்கத்தில் நிற்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே நமக்குக் கடிதம்தான் சரி.

விஷயம் இதுதான். நாம் தேடிய, பாய்மரக் கப்பல் அச்சிட்ட காசு கிடைத்துவிட்டது. பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த வெள்ளிக்காசை நாம் இருவரும் ஒரே நேரத்தில் விளிம்பைத் திருப்பிப் பார்த்தோமே, அன்றைக்கு ஆரம்பித்த தேடல். இரண்டு வருடம் கழித்து ஒன்றுக்கு இரண்டாக வந்து சேர்ந்திருக்கிறது. நம் நாணய வியாபாரி வழக்கம்போல ஏழு சுற்றுக் காகிதம் சுற்றி அனுப்பியிருந்தார். அவருக்குப் பொட்டலக்காரர் என்று நீங்கள் பெயர் வைத்தது தப்பே இல்லை.

இரண்டும் ஒரே வருடத்து வெள்ளி. தரம் பார்க்கும் அலுவலகத்தில் எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து முத்திரை வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு 64. மற்றதற்கு 61. ஆனால் விலை இரண்டுக்கும் ஒன்றே. ஏன் என்று கேட்டேன். "பார்த்தா உங்களுக்கே தெரியும்" என்றார்.

பேசிக்கொண்டபடி ஆளுக்குப் பாதி போட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதம் என் அலமாரி, ஆறு மாதம் உங்கள் பீரோ. மற்றதை மார்ச் முடிவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். என் ஓட்டு 64க்கு. லென்ஸ் வைத்து ஒரு மணி நேரம் தேடினேன். பாய்மரத்துக்குப் பின்னால் ஊசிமுனை அளவுக்கு இரண்டு தழும்பு, அவ்வளவுதான். நீங்களும் பார்த்துச் சொல்வதற்காக இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

மகன் வேலைக்குப் போய்வருகிறான். மருமகள் மாடியில் நலமாக இருக்கிறார். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 21

அன்புள்ள சம்பந்திக்கு,

முழங்கால் வத்திடுச்சு. இருமல் விடல. டாக்டர் மாத்தினோம், இருமல் மாறல. அங்க எல்லாரும் சௌக்கியமா இருக்கிறதுல சந்தோஷம்.

பார்சல் பத்திரமா வந்துச்சு. உங்க கடிதத்தை ரெண்டு தரம் படிச்சேன். அச்சகத்துல நாப்பது வருஷம் பிழை திருத்தினவர் எழுதின கடிதத்துல ஒரு பிழையாச்சும் கண்டுபிடிச்சிரணும்னு பார்த்தேன். இல்ல. அதனால காசுல உங்களை மடக்குறேன்.

நான் ஃப்ரேம் கடைக்காரன். முப்பது வருஷமா சனங்க எங்கிட்ட படம் கொண்டு வந்து கொடுக்கிறாங்க. ஒருத்தரும் லென்ஸ் வச்சுப் படம் பார்த்ததில்ல. சுவத்துல மாட்டச் சொல்லி, நாலடி தள்ளி நின்னு, லேசா தலையைச் சாய்ப்பாங்க. அந்தத் தலை சாயுற நேரத்துலதான் எல்லாம் முடிவாகுது.

உங்க 64ஐ மேஜை மேல வச்சேன். டீ சிந்தித் துடைக்காம விட்ட தட்டு மாதிரி இருக்கு. தேய்மானம் இல்ல, கீறல் இல்ல, சரி. முகமும் இல்ல. 61ஐ ஜன்னல்கிட்ட கொண்டு போனேன். கப்பலைச் சுத்தி மயில் கழுத்து நிறம் ஓடுது. விளிம்புல வெங்காயத் தோல் மாதிரி ஒரு சிவப்பு. மெதுவா திருப்பினா ஒளி சக்கரம் போல சுத்தி வருது. பாய்மரத்துக்கு வலப்பக்கம் வெட்டவெளியில மூணு கீறல் இருக்கு, நான் ஒளிக்கல. ஆனா என் தலை தானா சாஞ்சிருச்சு. என் ஓட்டு 61.

உங்க சம்பந்தியம்மாகிட்ட ரெண்டையும் காட்டினேன். "ரெண்டும் கறுத்துப்போய் கிடக்குதே, சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தரவா"ன்னா. பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிட்டேன்.

இன்னொண்ணு. பொண்ணு போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்குறா. முன்னாடியெல்லாம் போதும் வைடின்னு நாங்கதான் சொல்லணும். ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா? மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லுங்க.

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 3

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே சுகம். சம்பந்தியம்மாவின் இருமலுக்கு வெந்நீர் ஆவி பிடிக்கச் சொல்லி என் மனைவி சொல்கிறாள். சோப்பு விஷயத்தில் நீங்கள் சாவியை எடுத்தது நல்ல காரியம். கழுவின வெள்ளிக்காசு நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்தவனைப் பிடித்துச் சவரம் செய்து உட்கார வைத்த மாதிரி இருக்கும். பளபளப்பு வரும், உயிர் வராது.

61க்கு நீங்கள் கட்டிய வழக்கை ஏற்க முடியவில்லை. முதலாவது, அந்த மூன்று கீறலும் ஒதுக்குப்புறத்தில் இல்லை. வெட்டவெளியில், பார்த்த உடனே தெரியும் இடத்தில் இருக்கின்றன. நிறத்தின் மயக்கத்தில் நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். இரண்டாவது, நிறம் என்று நீங்கள் கொண்டாடுவது வெள்ளியின் மேல் படியும் கேடு. எந்தக் காகித உறையிலோ ஐம்பது வருடம் கிடந்து பிடித்தது. மட்டமான அட்டை வைத்தால் படம் மஞ்சளாகிவிடும் என்று வாடிக்கையாளரைத் திட்டுபவர் நீங்கள். அதே மஞ்சள் காசில் வந்தால் தலையைச் சாய்க்கிறீர்கள்.

தலை சாய்வது அவரவர் மனதைப் பொறுத்தது. காலையில் ஒரு பக்கம் சாயும், மாலையில் வேறு பக்கம். மார்க் அப்படி இல்லை. குறை இருந்தால் குறை என்று சொல்லிவிட வேண்டும், எங்கே, எத்தனை என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு பிடிக்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும். நாற்பது வருடம் நான் செய்த வேலை அதுதான்.

மருமகளுக்கு அலுவலகத்தில் வேலை அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன். மகன் சுகம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 22

அன்புள்ள சம்பந்திக்கு,

ஆவி பிடிச்சதுல இருமல் குறைஞ்சிருக்கு. சம்பந்தியம்மாவுக்கு நன்றி சொல்லுங்க.

பொண்ணு செவ்வாய்க்கிழமை வந்தா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பத்து நாள் லீவுன்னா. ஒரு பைதான். அவ குளிக்கப் போனப்ப அவ அம்மா துணி மடிக்கப் பையைத் திறந்திருக்கா. ஸ்வெட்டர் இருந்துச்சாம். இப்ப வெயில் ஆரம்பிச்சாச்சு. அடுத்த குளிர் வர்றதுக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கு.

கடைக்கு எங்கூட வர்றா. கண்ணாடி துடைக்கிறா. துடைச்ச கண்ணாடியையே திரும்பத் துடைக்கிறா. பகல்ல வாடிக்கையாளர் யாராவது ஜோக் அடிச்சா சிரிக்கிறா, சிரிச்சு முடிச்ச இடத்துல முகம் அப்படியே நின்னுடுது. நான் ஒண்ணும் கேட்கல. அவளும் சொல்லல. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?

அட்டை விஷயத்துல என்னை நல்லா மடக்கிட்டீங்க. பதில் யோசிச்சு வச்சிருந்தேன். இப்ப ஞாபகம் வரல. அடுத்த கடிதத்துல எழுதுறேன்.

சம்பந்தி


மார்ச் 1

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுதான் கிடைத்தது. உடனே எழுதுகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

காசைப் பற்றி: தரம் பார்க்கும் அலுவலகத்தில் முன்பு வேலை செய்த ஒருவரை விசாரித்தேன். ஒரு காசை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்களாம். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாதாம். முதலில் தேய்மானம், பிறகு தழும்பு, பிறகு அச்சு எவ்வளவு ஆழமாக விழுந்திருக்கிறது, கடைசியில் மினுக்கம். பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதற்கும் கொஞ்சம் இடம் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டார். எவ்வளவு இடம் என்று கேட்டால் கையை விரிக்கிறார். ஆக உங்கள் கட்சிக்கும் அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். 61 ஏன் 64இன் விலைக்கு வந்தது என்பதற்கு அதுதான் விளக்கம். இருந்தாலும் என் ஓட்டு மாறவில்லை.

மார்ச் முடிய நான்கு வாரம் இருக்கிறது. அவசரம் வேண்டாம்.

மருமகள் எப்போது திரும்புவதாக எண்ணம்? ஓய்வு வேண்டுமென்றால் இருந்துவிட்டே வரட்டும். மகன் சுகம். சில நாள் லீவு போட்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 12

சம்பந்திக்கு,

நாங்க இருக்கோம். ரொம்ப நாளா எழுதல. கெடுவும் தாண்டிப் போச்சு. பொட்டலக்காரர் என்ன சொன்னார்னு தெரியல.

பொண்ணு வந்து ஏழு வாரம் ஆச்சு. போன வாரம் அவ அம்மாகிட்ட கொஞ்சம் சொல்லியிருக்கா. சொன்னதை அப்படியே எழுதுறேன். நான் எதையும் சேர்க்கல.

நவம்பர்லேர்ந்து மாப்பிள்ளை பேசுறதில்லையாம். சண்டை இல்ல. கை நீட்டல. குடி கிடையாது. வேலைக்குப் போவார், வருவார், கட்டில் ஓரத்துல ஷூவைக்கூடக் கழட்டாம அப்படியே உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டா வந்து சாப்பிடுவார். "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா"ன்னு கேட்டிருக்கா. "இல்ல"ன்னிருக்கார். "என்னைப் பிடிக்கலையா"ன்னு கேட்டிருக்கா. அதுக்கும் "இல்ல". எதுக்கு இல்லைன்னு அவளுக்குப் புரியல. ரெண்டு மாசம் தினம் ஒரு டிரஸ் மாத்திப் போட்டுப் பார்த்திருக்கா. தலை வாரினதை மாத்தியிருக்கா. கடைசியில கண்ணாடி முன்னால உட்கார்ந்து, தன்கிட்ட என்னென்ன குறைன்னு ஒரு நோட்டுல எழுதியிருக்கா. பதினேழு எழுதியிருக்கா. அந்த நோட்டு இங்கதான் இருக்கு. நான் பார்த்தேன். வரிசை நம்பர் போட்டு எழுதியிருக்கா.

எனக்குக் கோபம் வரணும். வரல. அழுகையும் வரல. கடைக்கு வர்றவங்க எந்த ஃப்ரேம் போட்டா நல்லா இருக்கும்னு கேட்கிறாங்க. எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியுது. அளவு சொல்லுங்க வெட்டித் தர்றேன்னு சொல்றேன். முன்னாடி நான் அப்படிச் சொன்னதில்ல.

நேத்து காசை எடுத்தேன். 61ஐ ஜன்னல்கிட்ட சாய்ச்சேன். நீலம் இருக்கு, சிவப்பு இருக்கு. இருக்குன்னு தெரியுது. அவ்வளவுதான். தலை சாயல. அதனால உங்க ஓட்டுக்கே நானும் போடுறேன். 64ஐ வாங்கிடலாம். நம்பர்னு ஒண்ணு இருக்கிறது ஒரு வகையில நல்லது. பார்க்கிறவனுக்கு ஒண்ணும் தோணாட்டியும் அது மாறாம இருக்கு.

உங்க வீட்டுல கேட்டதாச் சொல்லுங்க.

சம்பந்தி


ஏப்ரல் 17

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

64 வேண்டாம். 61ஐப் பற்றியும் இப்போது முடிவு செய்ய வேண்டாம். பொட்டலக்காரர் ஜூன் வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றார்.

மற்றதற்குப் பதில் எழுத எனக்குச் சில நாள் வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தி


மே 5

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

பிப்ரவரியில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று. தெரியும். அப்போதே தெரியும்.

என் மகனுக்கு இருபத்துமூன்று வயதில் இதே மாதிரி வந்தது. எட்டு மாதம் பேசவில்லை. முதலில் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டினேன். ஒரு நாள் குளியலறையில் தண்ணீர் நிரம்பி வழிந்து கூடத்துக்கு வந்துவிட்டது. உள்ளே வாளியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். குழாயை மூட வேண்டும் என்று தெரிந்ததாம், கை போகவில்லையாம். மருத்துவமனையில் நாற்பது நாள் வைத்திருந்தோம். மன அழுத்த நோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். குணமானான். வேலைக்குப் போனான், சிரித்தான், கல்யாணத்துக்குச் சரி என்றான். மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொன்னால்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

அவனுக்குப் பெண் பார்த்தபோது முதல் இரண்டு இடத்திலும் இதைச் சொன்னேன். இரண்டு இடத்திலும் மறுநாளே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் மூன்றாவது. சொல்லிவிடலாம் என்று என் மனைவி சொன்னாள். வேண்டாம் என்றவன் நான். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பையனுக்கு உடம்புக்கு எதுவும் இல்லையே" என்று கேட்டீர்கள். "சின்ன வயதில் ஒரு முறை மஞ்சள் காமாலை வந்தது, அதோடு சரி" என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டுப் போனீர்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அந்த மாத்திரைகளை ஒரு விட்டமின் பாட்டிலில் மாற்றிக் கொடுத்தேன். மருமகளுக்குத் தெரிய வேண்டாம் என்று அவனிடம் சொன்னதும் நான்தான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. அப்பா சொன்னதால் கேட்டான். தீரத் தீர நானே வாங்கி அந்தப் பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தேன்.

போன செப்டம்பரில் மருமகள் மாடியைச் சுத்தம் செய்திருக்கிறார். பாட்டில் மேல் தேதி முடிந்திருக்கிறது. தேதி முடிந்த விட்டமினை யாரும் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். எறிந்துவிட்டு அவனிடமும் சொல்லியிருக்கிறார். அது என்ன மாத்திரை என்று அவனால் சொல்ல முடியவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டான். அதன் பிறகு நான் வாங்கிக் கொடுத்த மாத்திரைகளை, பாட்டிலில் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லி, அலுவலக மேஜையில் போட்டு வைத்திருக்கிறான். கேட்டால் சாப்பிடுகிறேன் என்பான். புத்தகத்தில் ஒரு தேதி தப்பினால் ராத்தூக்கம் வராதவன் நான். நானே கொடுத்த பாட்டிலின் தேதியைப் பார்க்கவில்லை.

இதெல்லாம் மார்ச் முதல் வாரத்தில் தெரிந்தது. டாக்டரிடம் அழைத்துப் போனோம். மாத்திரை மறுபடி ஆரம்பித்திருக்கிறது. அதற்கும் முன்பே அவன் நிலை எனக்குத் தெரியும். மாடியில் நடை சத்தம் குறைந்ததிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் மகன் சுகம், மகன் சுகம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன். குறை இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு காசுக்காக உங்களுக்கு உபதேசம் எழுதினேன். எழுதும்போது கை நின்றது. பிறகு எழுதி முடித்தேன்.

அந்த நோட்டில் இருக்கும் பதினேழும் தப்பு. இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. ஆனாலும் தப்பு.

மருமகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன். மன்னிப்புக் கேட்டால் நீங்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டி வரும். அதனால் கேட்கவில்லை.

இப்படிக்கு,
மகனைப் பெற்றவன்


மே 30

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பார்சல் வந்தது. இரண்டு காசும் பத்திரம். நான்கு பக்கமும் அட்டை வெட்டி, மூலைக்கு மூலை பஞ்சு வைத்து, அளவு பிசகாமல் கட்டியிருந்தீர்கள். உள்ளே கடிதம் இருக்கிறதா என்று அட்டைகளைப் பிரித்துப் பார்த்தேன். இல்லை. எதிர்பார்த்திருக்கக் கூடாது.

61ஐ லென்ஸ் இல்லாமல் ஜன்னலோரம் கொண்டு போய் நான்கு நாள் காலையில் பார்த்தேன். நீங்கள் சொன்ன நீலம் மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. சாய்க்கும் கோணம் தப்பாக இருந்திருக்கிறது. அழகான காசுதான். கீறல் மூன்றும் அங்கேயே இருக்கின்றன, ஆனால் முதலில் கண்ணில் படுவது அவை இல்லை. ஒரு காசு வாங்கும் மனநிலையில் நாம் இருவருமே இல்லை என்பதால் இரண்டையும் பொட்டலக்காரருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். கேட்காமல் செய்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் சாப்பிடும்போது மகன் உப்பு கேட்டான். யாரும் எதுவும் கேட்காமல் அவனாகப் பேசியது இத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை. என் மனைவி உப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

உங்கள் முழங்காலை நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூலை 8

சம்பந்திக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க சம்பந்தியம்மாவுக்கு இருமல் சுத்தமா நின்னுடுச்சு. உங்க ரெண்டு பேருக்கும் உடம்பு எப்படி?

உங்க மே மாசக் கடிதத்தைக் கடையில வச்சுப் படிச்சேன். படிச்சு மடிச்சு ஃப்ரேம் வெட்டுற மேஜை டிராயர்ல போட்டுட்டு, நிக்கிற வேலையை முடிச்சேன். அன்னைக்கு ஏழு ஃப்ரேம் வெட்டினேன். எல்லாம் அளவாத்தான் வந்துச்சு. சாயங்காலம் வீட்டுல சொன்னேன். உங்க சம்பந்தியம்மா உங்களைத் திட்டினா. எழுதுற மாதிரி இல்ல, விட்டுடுறேன். மறுநாள் உங்க வீட்டம்மாவை நினைச்சு அழுதா. அவ ஒருத்தியாச்சும் அழுதாளே.

காசு ரெண்டையும் திருப்பிக் கொடுத்தது சரி. அந்த 61ஐ யாராச்சும் வாங்கியிருப்பாங்க. வாங்கினவன் சந்தோஷமா இருக்கட்டும்.

பொண்ணுகிட்ட சொல்றதை என் முடிவுக்கு விட்டிருந்தீங்க. அது என் முடிவும் இல்ல, உங்க முடிவும் இல்ல. இருந்தும் ஒரு வாரம் கையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் கடையைச் சாத்திட்டு உட்கார வச்சுச் சொன்னேன். ஆஸ்பத்திரி, எட்டு மாசம், மாத்திரை, எல்லாம். பாட்டிலை மட்டும் சொல்லல. மாத்திரை நின்னு போச்சுன்னு மட்டும் சொன்னேன். ஏற்கனவே பதினேழு எழுதி வச்சிருக்கிறவகிட்ட பதினெட்டாவதை நான் கொண்டு போய்க் கொடுக்கணுமான்னு தோணுச்சு.

கையில இருந்த துடைக்கிற துணியை மடிச்சு வச்சா. அப்புறம் அவளே கேட்டா. "விட்டமின் பாட்டிலாப்பா?"

ஆமான்னேன்.

அந்த ஒரு நிமிஷம் நீங்க எப்படி அதைச் செஞ்சீங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. நானும் அதையேதான் செய்யப் பார்த்தேன். மன்னிச்சுட்டேன்னு எழுதல. புரிஞ்சுதுன்னு மட்டும் எழுதுறேன்.

ஆறு வாரம் அதைப் பத்திப் பேச்சே எடுக்கல. நோட்டையும் தொடல. போன ஞாயித்துக்கிழமை காலையில தலையை வாரிக்கிட்டு, "போய்ட்டு சாயங்காலம் வந்துடுறேன்"னா. எங்கேன்னு நாங்க கேட்கல. நான் கூட வரவான்னு மட்டும் கேட்டேன். வேணாம்னா. உங்க வீட்டுக்கு வந்ததும், நீங்க கீழ உட்கார்ந்திருந்ததும், தண்ணி கொடுத்துட்டுத் தள்ளிப் போனதும் அவ சொல்லித்தான் தெரியும். மாடியில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல. அதுக்காகத்தான் இந்தக் கடிதம். இல்லாட்டி எழுதியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் அவளைக் கூட்டிட்டு வரப் போயிருந்தேன், பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வீட்டுக்கு நடந்து வர்ற வழியில சொன்னா. மாப்பிள்ளை அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாராம். இவ நேரா விஷயத்துக்கு வந்துட்டா.

"மாத்திரையைத் தூக்கிப் போட்டது நான்தான்."

"அப்பா திரும்ப வாங்கிக் கொடுத்தார். சாப்பிடாதது நான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"சொல்லிட்டுப் பொண்ணு கேட்டிருந்தாலும் நான் உங்களைக் கட்டியிருப்பேன்"னாளாம். அப்புறம், தான் பையோட கிளம்பின அன்னைக்கு அவர் என்ன நினைச்சார்னு கேட்டிருக்கா.

"நீ படியில இறங்குற சத்தம் கேட்டுச்சு. எண்ணினேன். பத்தொம்பது படி. இப்ப வலிக்கும், இப்ப வலிக்கும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கேட் சாத்துற சத்தம் கேட்டுச்சு. வலிக்கல. அப்பதான் பயமா இருந்துச்சு."

"இப்ப?"

"ரெண்டு வாரமா வலிக்குது."

இதை எங்கிட்ட சொல்லும்போது ரோட்டோரமா நின்னுட்டா. ஆள் நடமாட்டம் இருந்துச்சு. கையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. பிப்ரவரியிலேர்ந்து அவ அழுது நான் பார்க்கல. நான் பக்கத்துல நின்னேன். எனக்கும் அழுகை வந்துச்சு. ரெண்டு பேரும் ஒரு டயர் கடை வாசல்ல அப்படியே நின்னோம். கடைக்காரர் ஸ்டூலைக் கொண்டாந்து போட்டுட்டு உள்ள போய்ட்டார்.

வீட்டுக்கு வந்து நல்லாச் சாப்பிட்டா. திரும்பிப் போகப் போறியான்னு அவ அம்மா கேட்டா. "தெரியலம்மா. போறதா இருந்தா உங்க யாரையும் கேட்க மாட்டேன். அவரை மட்டும்தான் கேட்பேன்"னா. எனக்கு அது சரின்னு பட்டுச்சு. உங்களுக்கும் சரின்னு பட்டாத்தான் நல்லது. படலைன்னாலும் நடக்கப்போறது அதுதான்.

வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணி பஸ்ல வர்றா. நீங்க கதவைத் திறந்து விடுங்க. வேற எதுவும் கேட்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

சம்பந்தி